எந்தக் கேனிலிருந்து ஊற்றினேன்

ஷோர்ன்டார்ஃப்
23 அக்டோபர் 2016

அக்கா,

நீ என் வீட்டுச் சாவியை ஒரு உறையில் போட்டு என் தபால் பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் போய் இன்றோடு பதினெட்டு நாள். போன் செய்தால் எடுப்பதில்லை. இந்த முகவரியை உன் பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கும் பெண்ணிடம் கெஞ்சி வாங்கினேன். முதியோர் உதவிக் குடியிருப்பாம். அறுபத்தொரு வயதில் உனக்கு எதற்கு அது? அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் நம் அம்மா வயது இருக்குமே.

ஒரு ரிமோட் கார் ரேஸ் போயிற்று, அவ்வளவுதான். பதினைந்தாவது நிமிஷம் கார் உள்ளே வந்தது, நீ அவசரத்தில் எண்ணெய் கலக்காத கேனை எடுத்து டேங்கில் ஊற்றிவிட்டாய், நாலாவது சுற்றில் எஞ்சின் இறுகி சீஸ் ஆனது. யாருக்கும் நடக்கும். எல்லார் முன்னாலும் நான் கத்தியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ரிமோட்டோடு நிற்கிற ஓட்டுமேடையிலிருந்து இறங்கிவந்த கோபம். நான் அப்போதே அதை விட்டுவிட்டேன். நீதான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஊரைவிட்டே போயிருக்கிறாய்.

புது எஞ்சின் வாங்கியிருக்கிறேன், இருபத்தாறு சிசி. சனியன், விசையைத் தொட்டதும் ஒரு நொடி முக்கிவிட்டுத்தான் கிளம்புகிறது. ரிமோட்டைப் பிடித்து ஓட்டத்தான் நான் லாயக்கு, எஞ்சின் கேட்கிற காது எனக்குக் கிடையாது என்று நீயே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். வந்து ஒரு தடவை கேட்டுவிட்டுப் போயேன்.

கிளப்பில் சுற்று நேரம் குறிக்கிற ஆன்ஸ்கர் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார். நீ நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன என்று நான் கேட்கவில்லை. முகவரியைக் கொடுத்துவிட்டேன், திட்டாதே.

தீட்மார்


ராவென்ஸ்பூர்க்
2 நவம்பர் 2016

தீட்மார்,

போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. போனில் எனக்கு ஒரு வார்த்தை வராமல் நின்றால் நீ எடுத்துக்கொடுக்கிறாய், அம்மாவுக்கு நாம் எடுத்துக்கொடுத்தது போல. கடிதத்தில் யாரும் எடுத்துக்கொடுக்க முடியாது. எழுதியதற்கு ஒரு நகலும் வைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் எடுத்துப் பார்த்து, இதை எழுதியது ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்கலாம்.

யாருக்கும் நடக்கும் என்கிறாய். எனக்கு நடக்காது. இருபத்திரண்டு வருஷமாக உன் காருக்குப் பெட்ரோல் கலக்கிறவள் நான். லிட்டருக்கு நாற்பது மில்லி எண்ணெய். அந்த எண்ணெய் நீல நிறம், ஊற்றிக் குலுக்கினால் பெட்ரோல் முழுவதும் நீலமாகிவிடும். கலந்த கேன் எது, கலக்காத கேன் எது என்று வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். அன்று நான் நீலக் கேனைத்தான் எடுத்தேன். என் கண்ணுக்கு இன்னும் தெரிகிறது, கேனின் கழுத்தில் ஒரு எறும்பு ஊர்ந்தது, ஊதிவிட்டு ஊற்றினேன்.

ஆனால் அம்மாவுக்கும் எல்லாம் நன்றாகத்தான் ஞாபகம் இருந்தது. செத்து ஒன்பது வருஷமான நாய்க்கு இப்போதுதான் சாப்பாடு வைத்தேன் என்று சத்தியம் செய்தாள். சாப்பாடு என்ன, தட்டு எது என்றுகூடச் சொன்னாள். அவளுக்கு அது ஆரம்பித்ததும் இதே வயதில்தான். ஆகவே என் எறும்பை நான் நம்ப முடியாது. நீ எண்ணெய் இல்லை என்று கத்தினாய், எஞ்சின் கல்லாக நின்றிருந்தது. நான் கேனைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டேன். பயந்துவிட்டேன் தீட்மார்.

இப்போது விஷயம் பெட்ரோல் மட்டும் இல்லை. ஆன்ஸ்கர் லிண்டாவ் ஏரிக்கரையில் ஒரு வீடு பார்த்திருக்கிறார். இரண்டு பேருக்கான வீடு. என்னையும் வரச் சொல்கிறார். வருஷக் கடைசிக்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது. தம்பியிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆனால் அம்மாவின் நோய் எனக்கு வந்திருந்தால் நான் போக மாட்டேன். பதினொரு வருஷம் அப்பா பட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

நீ எனக்கு ஒன்று செய். எஞ்சின் உன்னிடம்தான் இருக்கிறது. பிரித்து பிஸ்டனை எனக்கு அனுப்பு. உனக்குத் தெரியாதது இல்லை, எனக்கு இன்னும் தெரிகிறதா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்: எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் பிஸ்டனில் சுற்றிலும் கீறல் இருக்கும். எண்ணெய் இருந்து, பெட்ரோல் போதாமல் காய்ந்து ஓடியிருந்தால் சைலன்சர் பக்கம் மட்டும் உருகி இழுபட்டிருக்கும். இன்னொன்று, டேங்கில் மிச்சம் இருந்தது என்ன நிறம்? நீதானே கொட்டியிருப்பாய்.

நீலம் என்றால் அவரிடம் சரி என்பேன். இல்லையென்றால் வேண்டாம் என்பேன்.

இர்மெலா

எண்ணெயை மறக்கிற தலையிடம் யோசனை கேட்காதே. கேட்டாய் என்பதால் சொல்கிறேன், கார்புரேட்டரின் சின்னத் திருகை எட்டில் ஒரு சுற்று வெளியே எடு.


ஷோர்ன்டார்ஃப்
20 நவம்பர் 2016

அக்கா,

எட்டில் ஒரு சுற்று. எடுத்தேன். தொட்டதும் பாய்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, சத்தத்தைக்கூடக் கேட்காமல், ஒரு வரியில் சரிசெய்துவிட்டாய். கெட்டுப்போன தலை செய்கிற வேலையா இது? இதை முதலில் யோசி.

பிஸ்டன் என்னிடம் இல்லை. எஞ்சினை அப்படியே பழைய இரும்பில் போட்டுவிட்டேன். டேங்கில் இருந்ததைப் புல்லில் கவிழ்த்தேன். வெயிலில் கண் கூசியது, நிறத்தையெல்லாம் யார் பார்த்தார்கள்.

நான் சொல்வதைக் கேள். ஒரு கேன் பெட்ரோலை வைத்துக்கொண்டு வாழ்க்கையை முடிவு செய்யாதே. அம்மா வேறு, நீ வேறு. ஆன்ஸ்கர் நல்ல மனுஷர், அவரோடு போ. போய் ஏரியில் வாத்துக்கு ரொட்டி போடு. பயமாக இருந்தால் ஒரு டாக்டரைப் பார்த்துவிடு, உனக்கு ஒன்றும் இல்லை என்று அவரே சொல்வார். நானும் அதைத்தான் சொல்கிறேன். உனக்கு ஒன்றும் இல்லை.

கிளப் ஆண்டு விருந்து சனிக்கிழமை நடந்தது. பருப்பும் சுருள் நூடுல்ஸும், வழக்கம்போல. உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நீ எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள், இடம் மாறிப் போயிருக்கிறாள் என்றேன். அந்த ரேஸை ஜெயித்த பக்னாங் ஊர்க்காரன் கோப்பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டே சாப்பிட்டான்.

தீட்மார்


ராவென்ஸ்பூர்க்
8 டிசம்பர் 2016

தீட்மார்,

டாக்டரைப் பார்த்தேன். ஞாபக மறதிக்கான மருத்துவமனையில் முழுச் சோதனை செய்ய வேண்டுமாம். முதல் இடம் மார்ச் ஒன்பதாம் தேதிதான் கிடைத்தது. ஆன்ஸ்கரின் வீடு மார்ச் வரை காத்திருக்காது.

உனக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுதவில்லை. ஆறுதல் எனக்கு வேண்டாம், இங்கே கீழ்த்தளத்தில் அது நிறையக் கிடைக்கிறது, காப்பியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். நான் கேட்டது நிறம்.

இப்போது என் நாள் எப்படிப் போகிறது தெரியுமா? எழுந்ததும் தேதி சொல்கிறேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கிறேன். நேற்று ஐம்பத்தெட்டுக்குப் பிறகு ஒரு கணம் நின்றேன், நாள் முழுக்க அதே நினைப்பு. செவ்வாய்க்கிழமை கேக்கில் சோடா உப்பை இரண்டு முறை போட்டேன். இதெல்லாம் முன்பும் நடந்திருக்கும். நீ கத்திய பிறகுதான் எண்ண ஆரம்பித்திருக்கிறேன். காரைக் கொடுத்துவிட்டேன், லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யார் மேலாவது ஏற்றிவிட்டால்? மேல்மாடிக்காரி காப்பி அரைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். திருகு இரண்டைக் கழற்றினால் தீர்ந்துவிடும் கோளாறு. எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றேன்.

ஆன்ஸ்கர் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அன்று வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். காரணம் சொல்ல மாட்டேன். சொன்னால், பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். அப்பாவும் முதல் நாள் அப்படித்தான் சொன்னார். கடைசி நாட்களில் அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதை நான் கேட்டிருக்கிறேன், நீ அப்போது ரேஸுக்குப் போயிருப்பாய்.

கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன். நீ நிறத்தைப் பார்க்கவில்லை என்கிறாய். அப்படியென்றால் மேடையிலிருந்து இறங்கி முப்பது அடி நடப்பதற்குள் எண்ணெய் இல்லை என்று உனக்கு எப்படித் தெரிந்தது? உன்மேல் பழி போட இதைக் கேட்கவில்லை. எஞ்சின் நிற்க நூறு காரணம் இருக்கிறது, நீ ஒன்றைத்தான் சொன்னாய். வேறு ஏதாவது பார்த்திருந்தால் சொல். பதினெட்டாம் தேதிக்குள் சொல். அதற்குப் பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

இர்மெலா


ஷோர்ன்டார்ஃப்
17 டிசம்பர் 2016

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கடிதத்தில் சரியாக வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு நேரில் வந்து பேசுகிறேன். அதுவரை ஆன்ஸ்கரிடம் எதுவும் சொல்லாதே, ஒரு வாரம் தள்ளிப்போடு. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது.

கேக் தனியாக அனுப்பியிருக்கிறேன். பாதாம் வைத்தது, உனக்குப் பிடித்த கடையில் வாங்கினேன்.

தீட்மார்


ராவென்ஸ்பூர்க்
29 டிசம்பர் 2016

தீட்மார்,

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. எட்டாம் தேதியே உனக்கு எழுதினேன், பதினெட்டு என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன், நகல் இருக்கிறது.

ஆன்ஸ்கர் வந்தார். வீட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார். தெற்குப் பக்கத்து அறையில் பென்சிலால் ஒரு நீண்ட மேஜை வரைந்திருந்தார். உன் எஞ்சின் வேலைக்கு இந்த அறை, வெளிச்சம் இடது பக்கமிருந்து வரும், நீ இடது கைக்காரி இல்லையே என்று கேட்டார். அதைக்கூட யோசித்திருக்கிறார். நான் வேண்டாம் என்று சொன்னேன்.

அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா இர்மெலா?" என்று கேட்டார்.

"இல்ல. எனக்குத் தனியா இருக்கத்தான் பிடிச்சிருக்கு."

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு பெரியது வேறு இல்லை. அவர் நம்பிவிட்டார். தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். கார்க் கதவைத் திறந்தவர் ஏறாமல் ரொம்ப நேரம் நின்றார். கூப்பிட வாய் வரை வந்தது. அழுதேன், அப்படி அழுதேன், அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை.

இருபத்தைந்தாம் தேதி இரண்டு தட்டு வைத்தேன். சாலையில் பனி, வர முடியவில்லை என்று நீ செய்தி அனுப்பினாய். இங்கே பனி இல்லை. ஷோர்ன்டார்ஃபிலும் இல்லை, வானொலியில் கேட்டேன்.

நேரில் சொல்வதாக எழுதியிருந்தாயே, அது என்ன?

இர்மெலா


ஷோர்ன்டார்ஃப்
14 மார்ச் 2017

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை ஆன்ஸ்கர் விடைபெற வந்தார். லிண்டாவ் வீட்டை விட்டுவிட்டாராம். மகள் நார்வேயில், டிராம்சோவில் இருக்கிறாள், அங்கேயே போகிறார். வாசலில் நின்றுகொண்டு, "உங்க அக்கா ஏன் வேணாம்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்றேன். அதற்குப் பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.

நீ நீலக் கேனைத்தான் எடுத்தாய். டேங்கில் மிச்சம் இருந்தது நீலம். நான் பார்த்தேன்.

அன்று காலைச் சுற்றுகளில் பக்னாங்காரன் நேர்ச்சாலையில் நம்மைவிட வேகமாக இருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் அரை நொடி. நீ திருகை வைத்த இடத்தில் எஞ்சின் பத்திரமாக ஓடும், ஆனால் நான் தோற்பேன் என்று தெரிந்தது. காருக்கு மேல்மூடி போட்ட பிறகு ஓட்டுகிறவன் கைவைக்கக் கூடாது என்பது நீ வைத்த சட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் மீறியதில்லை. அன்று நீ கேன்களை எடுக்கக் கூடாரத்துக்குப் போனாய். நான் மூடியைத் தூக்கி, பெரிய திருகைக் கால் சுற்று உள்ளே இறுக்கினேன். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் வேகம் பிடிக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும்.

எப்படி ஓடியது தெரியுமா. நீ பெட்ரோல் நிரப்பி அனுப்பிய பிறகு மூன்று சுற்று அந்த எஞ்சின் பாடியது. அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. அவனைத் தாண்டினேன். மேடையில் நின்று சிரித்தேன். காய்ந்து சாகப்போகிற எஞ்சின்தான் அப்படிப் பாடும் என்று நீ சொன்னதெல்லாம் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. நாலாவது சுற்றில் நின்றுவிட்டது.

இறங்கிவந்தேன், எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வாயில் வந்துவிட்டது. எண்ணெய் இல்லாத கேனை எடுத்துட்டியா என்று. நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீதான் எப்போதும் சண்டை போடுவாயே. கேனைத் தூக்கிக் காட்டி என் மூக்கை உடைப்பாய், நான் அவமானப்பட்டுப்போவேன், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நீ என்ன செய்தாய்? வெளுத்துப்போய், "எடுத்துட்டேனா?" என்று என்னிடம் கேட்டாய். கேட்டதும் எனக்குப் புரிந்தது, அம்மாவை நினைக்கிறாய் என்று. அப்போதே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததால் மறுநாள் சொல்ல முடியவில்லை. பிறகு நீ போய்விட்டாய், பிறகு நீ கடிதத்தில் நேராகக் கேட்டாய், கேட்கக் கேட்க என் தப்பு பெரிதாகிக்கொண்டே போயிற்று.

எஞ்சினை நான் இரும்பில் போடவில்லை. பிஸ்டனை இதோடு வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை கிளப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். நீ ஆன்ஸ்கருக்குப் போன் செய். என்மேல் எல்லாப் பழியையும் போடு. உன் கால் எங்கே இருக்கிறதோ அங்கே விழுகிறேன் அக்கா.

தீட்மார்


ராவென்ஸ்பூர்க்
2 ஏப்ரல் 2017

தீட்மார்,

பிஸ்டன் வந்தது. துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, பத்திரமாக அனுப்பியிருக்கிறாய். சைலன்சர் பக்கம் விளிம்பு உருகி இழுபட்டிருக்கிறது. மற்ற பக்கமெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பு, ஒரு கீறல் இல்லை. ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நவம்பரில் அனுப்பியிருந்தால் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அன்றே ஆன்ஸ்கருக்குப் போன் செய்தேன். அங்கே இன்னும் பனி பெய்கிறதாம். எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா, பெட்ரோல், நீ, எல்லாம்.

பிறகு, "அந்த நோயே இருந்திருந்தாலும் நான் வந்திருப்பேனே" என்றார்.

"தெரியும். அதனாலதான் சொல்லல" என்றேன்.

இப்போது வரலாமா என்று நானே கேட்டேன். அறுபத்தொரு வயதில், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, தான் அங்கே தேவைப்படுவதாகச் சொன்னார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "உனக்கு என்னைப் பிடிக்கலன்னு நம்பித்தான் இந்த மூணு மாசமும் என்னை நானே தேத்திக்கிட்டேன் இர்மெலா. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல." உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன பொய்யை அவர் நம்பினார், நீ சொன்ன பொய்யை நான் நம்பினேன்.

கிளப்பில் எழுந்து நின்று சொன்னாய் என்று கேள்விப்பட்டேன். பக்னாங்காரன்கூட எனக்கு ஒரு அட்டை போட்டிருக்கிறான். நன்றி. ஆனால் கிளப்பில் இருப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் அழவில்லை. ஆறு மாதமாக ஒவ்வொரு காலையும் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டிருந்தவளிடம் நீ வாத்துக்கு ரொட்டி போடச் சொன்னாய். நான் நிறம் கேட்டேன், நீ கேக் அனுப்பினாய். அதற்குத்தான் அழுகிறேன்.

என்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நீலக் கேனை எடுத்தது எனக்கு ஞாபகம் இருந்தது. எறும்புவரை ஞாபகம் இருந்தது. என் தலையை நம்பாமல் உன் வாயை நம்பினேன். சின்ன வயதிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்தவள், நீ என்னிடம் இப்படி ஒரு பொய் சொல்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் மாதம் இந்த இடத்தைக் காலி செய்கிறேன். எங்கே போகிறேன் என்று எழுத மாட்டேன். குடிவருகிறவர்களிடம் கெஞ்சாதே, அவர்களுக்கும் தெரியாது.

மருத்துவமனையிலிருந்து அறிக்கை வந்துவிட்டது. இரண்டரை மணி நேரம் சோதித்தார்கள். என் வயதுக்காரர்களில் இவ்வளவு நல்ல ஞாபகசக்தியைப் பார்ப்பதே அபூர்வம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஆகவே காலம் போகப்போக நான் இதை மறந்துவிடுவேன் என்று காத்திருக்காதே, தீட்மார். நான் மறக்க மாட்டேன்.

இர்மெலா